கம் எடுக்கும் கை

வியாசர்பாடியில் ஒரு மாடி வீடு. கூடத்தில் பாய் விரித்துப் பெண்கள் ஐந்து பேர் பட்டுநூல் வளையலில் குந்தன் கல் பதித்துக்கொண்டிருந்தார்கள். சித்திரை வெயில், ஆனாலும் விசிறி ஓடவில்லை. போட்டால் நூல் பறக்கும், கம் சீக்கிரம் ஆடை கட்டிவிடும்.

கல் ஒட்டுவதைப் பார்க்கத்தான் போயிருந்தேன். ஆனால் அங்கே நேரத்தைத் தின்பது பிதுங்கிய கம்மை எடுக்கிற வேலை.

ஐவரில் மூத்தவர் கல்லை அழுத்தியதும் ஓரத்தில் கண்ணாடிபோல ஒரு வரி எழும்பியது. உடனே துடைக்கத் துணி தேடினேன். “ஐயோ, தொடாதீங்கக்கா! ஈரத்துல தேச்சா நூலு பூரா கம் குடிச்சிரும்” என்று கையைத் தட்டிவிட்டார். கம் குடித்த பட்டுநூல் கறுத்துப்போகும், மினுமினுப்பு திரும்பாது. அந்த வரி ரப்பராக இறுகும்வரை விட்டுவைத்து, ஊசியைப் படுக்கவைத்து, முனை கல்லைப் பார்க்கும்படி நுழைத்து ஒரு நெம்பு நெம்பினார். வரி முழுதாகச் சுருண்டு வந்தது. முனை நூல்பக்கம் திரும்பினால் இழை கிளம்பிவிடும். வளையலைப் பிரித்து மறுபடி சுற்ற வேண்டியதுதான்.

வளையலோடு அங்கே செய்யும் ஜிமிக்கிக்கு இந்த வித்தை உதவாது. அதில் முத்து வைப்பது ஐந்து ரூபாய்க் குழாயில் வரும் சயனோஅக்ரிலேட். நொடியில் பிடித்துக்கொள்ளும், ஆனால் அதன் ஆவி சுற்றுப்புறத்தில் வெள்ளையாகப் படியும். காற்றில் ஈரம் கூடினால் இன்னும் மோசம்; சென்னையில் அதற்கா பஞ்சம்? பஞ்சால் துடைக்கலாமென்றால், காயாத அந்தக் கம் பஞ்சில் பட்டதும் சூடேறி விரலைச் சுடும். காய்ந்தபின் அசிட்டோன் கரைக்கும்தான். கூடவே முத்தின் மேல்பூச்சையும் உரிக்கும், அக்ரிலிக் கல்லை மங்கடிக்கும். அதனால் ஓரமாக உட்கார்ந்திருந்த சின்னப்பெண் இயர்பட் நுனியை அசிட்டோனில் தொட்டு, உலோகத்தை மட்டும் வருடிக்கொண்டிருந்தாள். க்ளூ கன் இழுத்துவிடும் சிலந்தி நூலுக்கு ஹேர் டிரையர் போதும், அது ஒன்றுதான் அங்கே சுலபம்.

கடுகில் பாதி கம் வைத்தால் எடுக்கவே வேண்டாம் என்றார் மூத்தவர். சரிதான், ஆனால் குறைத்து வைத்தால் கல் விழும். கல் விழுந்தாலும் மால் திரும்பும், கம் தெரிந்தாலும் திரும்பும். வாங்குகிறவர்கள் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கிற காலம் இது. கூலியோ செட்டுக்கு இவ்வளவு என்று ஒட்டுவதற்குத்தான்; சுத்தம் செய்யும் நேரம் யார் கணக்கிலும் இல்லை. எனக்கு அது அநியாயமாகப்பட்டது. அவர்கள் அதைப் புலம்பலாகச் சொல்லவில்லை, கணக்காகச் சொன்னார்கள்.

சாயங்காலம் மால் எடுக்க வந்தவர் ஒவ்வொரு வளையலையும் போன் டார்ச்சில் உருட்டிப் பார்த்தார். இரண்டைத் தள்ளிவைத்தார்.

“அண்ணே, இனிமே கம் எடுக்கத் தனியா காசு போட்டுக் குடுங்க.”

“ஓனர்கிட்ட கேட்டுச் சொல்றேன்மா.”

“போன மாசமும் இதத்தான் சொன்னீங்க” என்றபடி, தள்ளிவைத்த இரண்டையும் எடுத்து ஊசியைத் தேடினார் மூத்தவர்.