நெடுந்தீவு: படகும் நல்ல தண்ணீரும்

நெடுந்தீவு யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குத் தென்மேற்கே, பாக்கு நீரிணையில் அமைந்த தீவு. பரப்பு ஏறத்தாழ 50 சதுர கிலோமீற்றர். குடாநாட்டைச் சூழ்ந்த தீவுகளில் வேலணை, புங்குடுதீவு, காரைநகர் ஆகியவை தாம்போதிகளாலும் பாலங்களாலும் நிலத்தோடு இணைந்துவிட்டன. பாலம் எட்டாத தீவுகளில் பெரியது நெடுந்தீவு. யாழ்ப்பாண நகரமும் இராமேசுவரமும் இங்கிருந்து நேர்கோட்டில் நாற்பது முதல் ஐம்பது கிலோமீற்றர் அளவில் இருக்கின்றன. இலங்கை நிர்வாகத்தில் இது யாழ்ப்பாண மாவட்டத்தின் ஒரு பிரதேச செயலகப் பிரிவு. ஆறு கிராம அலுவலர் பிரிவுகளில் சில ஆயிரம் பேர் வாழ்கிறார்கள். ஏறத்தாழ அனைவரும் தமிழர், சைவரும் கத்தோலிக்கரும் கலந்து வாழும் ஊர்.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு இந்தப் பெயர் பெரும்பாலும் மீனவர் கைதுச் செய்திகளின் வழியாகவே பழக்கம். அந்தச் செய்திகளுக்கு அப்பால் நெடுந்தீவு நீண்ட வரலாறு உள்ள ஊர். அந்த வரலாற்றையும் அங்கே அன்றாடம் நடப்பதையும் இரண்டு காரியங்கள் தீர்மானித்து வந்திருக்கின்றன: கடலைக் கடக்கும் படகு, நிலத்தடியில் கிடைக்கும் நல்ல தண்ணீர்.

போகும் வழி

யாழ்ப்பாண நகரிலிருந்து பண்ணைத் தாம்போதி வழியாக வேலணை, அங்கிருந்து இன்னொரு தாம்போதியால் புங்குடுதீவு, அதன் மேற்கு முனையில் குறிகட்டுவான் இறங்குதுறை: இதுவே தரைவழி. நகரப் பேருந்து நிலையத்திலிருந்து 776ஆம் இலக்கப் பேருந்து குறிகட்டுவான் வரை போகிறது. வழி நெடுகச் சாலையின் இருபுறமும் ஆழமில்லாத பரவைக்கடல். அதில் இடுப்பளவு நீரில் நின்று வலை பார்க்கும் மீனவர்களையும், கம்பு நட்டுக் கட்டிய சிறகுவலைகளையும் பேருந்திலிருந்தே காணலாம்.

குறிகட்டுவானில் இரண்டு திசைப் பயணிகள் கூடுகிறார்கள். நயினாதீவுக்குப் போகிறவர்கள் நாகபூசணி அம்மன் கோயிலுக்கும் நாகவிகாரைக்கும் போகும் யாத்திரிகர்கள்; அவர்களுக்குக் கால் மணி நேரப் பயணம், அடிக்கடி படகும் உண்டு. நெடுந்தீவுப் படகில் ஏறுகிறவர்களில் பெரும்பகுதி ஊர்க்காரர்களும், அங்கே வேலை பார்க்கும் ஆசிரியர்களும் அரச ஊழியர்களும்தான். படகுத்தளத்தில் அரிசி மூட்டை, சீமெந்துப் பை, எரிவாயு உருளை, மருந்துப் பெட்டி, சைக்கிள் என ஒவ்வொன்றாகக் கைமாறி இறங்குகின்றன. தீவில் உண்டாகாத எந்தப் பொருளும் இப்படித்தான் அங்கே போய்ச் சேர வேண்டும். ஊரில் ஒரு வீடு கட்டும் செலவில் கணிசமான பங்கு இந்த ஏற்றுக்கூலி இறக்குகூலியிலேயே கரைகிறது.

இந்தத் தடத்தின் பழைய படகு குமுதினி. ஊரில் தலைமுறைகள் அதன் பெயரைச் சொல்லியே கடல் கடந்தார்கள். வடதாரகை, நெடுந்தாரகை ஆகியவை பின்னர் சேர்ந்தவை. தனியார் படகுகளும் ஓடுகின்றன. பயணம் ஏறத்தாழ ஒரு மணி நேரம். துறையை விட்டதும் வலப்புறம் நயினாதீவின் கோபுரம் தெரிந்து பின்தங்குகிறது. பிறகு சிறிது நேரம் கடல் மட்டும்தான். நெடுந்தீவில் மலையோ மேடோ இல்லாததால் முதலில் கண்ணில் படுவது கரை அல்ல. நீர்விளிம்பில் வரிசையாக எழும் பனந்தலைகள். படகு வடகரையிலுள்ள மாவிலித்துறையில் அணைகிறது.

கடலின் குணம் காற்றைப் பொறுத்தது. வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை வீசும் சோளகக் காற்றில் அலை பக்கவாட்டில் அடித்துப் படகை உலைக்கும். ஐப்பசி முதல் மார்கழி வரை வாடைக்காற்றும் மழையும் சேர்ந்து சில நாட்களில் படகோட்டமே நின்றுவிடும். மாசி, பங்குனி மாதங்கள்தான் கடல் அடங்கிக் கிடக்கும் காலம். கச்சதீவு அந்தோனியார் திருவிழா இந்த நாட்களில் நடக்கிறது. கச்சதீவும் நெடுந்தீவுப் பிரதேச செயலகத்தின் நிர்வாகத்துக்கு உட்பட்டதே.

குமுதினியின் பெயர் ஊரின் பெருந்துயரத்தோடும் பிணைந்தது. 1985ஆம் ஆண்டு மே 15ஆம் நாள் நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட அந்தப் படகு நடுக்கடலில் மறிக்கப்பட்டு, பெண்களும் குழந்தைகளும் உட்படப் பயணிகள் பலர் வெட்டிக் கொல்லப்பட்டனர். இதைச் செய்தவர்கள் கடற்படையினர் என்று உயிர்தப்பியவர்கள் சாட்சி சொன்னார்கள். ஒவ்வோர் ஆண்டும் அந்த நாளில் ஊரார் துறையருகே கூடி இறந்தவர்களை நினைவுகூருகிறார்கள். வேறு வழி இல்லாத ஒரே கடற்பாதையில் நடந்த கொலை என்பதால் அதன் அச்சம் பயணம் செய்த ஒவ்வொரு வீட்டையும் தொட்டது.

முருகைக்கல் நிலம்

தீவு முழுவதும் சுண்ணாம்புப் பாறை. அதன்மேல் மெல்லிய மண். உயரமான இடம்கூடக் கடல் மட்டத்திலிருந்து சில மீற்றர்தான். ஆறு கிடையாது. பனை எங்கும் உண்டு. தென்னை, பூவரசு, ஆல், வேம்பு ஆகியவை குடியிருப்புகளைச் சுற்றி வளர்கின்றன. தெற்கே போகப் போக மரங்கள் குறைந்து புல்வெளி விரிகிறது.

நெடுந்தீவை மற்ற ஊர்களிலிருந்து பிரித்துக் காட்டுவது அதன் கல்வேலி. யாழ்ப்பாணத்தில் வளவுக்குக் கதியால் நட்டுக் கிடுகோ பனையோலையோ அடைப்பது வழக்கம். நெடுந்தீவில் முருகைக்கல் எனப்படும் பவளப்பாறைக் கல்லை அடுக்கியே வேலி எழுப்புகிறார்கள். சாந்து கிடையாது. அகன்ற கற்களை அடியில் பரப்பி, ஒன்றின் பள்ளத்தில் இன்னொன்றின் முனை உட்காரும்படி கை பார்த்து அடுக்கி, மார்பளவு உயர்த்துகிறார்கள். இடுக்குகள் வழியாகக் காற்று ஊடுருவிப் போவதால் சோளகம் எவ்வளவு பலமாக அடித்தாலும் வேலி சாய்வதில்லை. ஆடு மாடும் குதிரையும் தோட்டத்துக்குள் நுழையாமல் காப்பதும், நிலத்தில் கிடக்கும் கல்லை அகற்றிப் பயிருக்கு இடம் உண்டாக்குவதும் இந்த ஒரே வேலையில் முடிகின்றன. அடுக்குகிறவரின் கைப்பழக்கமே இதற்கு முழு மூலதனம். ஒழுங்கைகளின் இருமருங்கிலும் இந்த வெண்சாம்பல் நிற வேலிகள் தீவின் ஒரு கரையிலிருந்து மறுகரை வரை தொடர்கின்றன.

தண்ணீர்

மழைநீர் சுண்ணாம்புப் பாறையின் துளைகள் வழியே இறங்கி, அடியிலுள்ள உப்புநீரின்மேல் ஒரு படலமாகத் தங்குகிறது. நன்னீர் உப்புநீரைவிட எடை குறைந்தது என்பதால் அது மேலே மிதக்கிறது. படலம் தடித்திருக்கும் இடத்தில் கிணறு தோண்டினால் நல்ல தண்ணீர். மெலிந்திருக்கும் இடத்தில் உவர். அளவுக்கு மீறி இறைத்தால் கீழே இருக்கும் உப்பு மேலேறி நல்ல கிணறும் கெட்டுவிடும். மழை பெரும்பாலும் ஆண்டின் கடைசி மூன்று மாதங்களில் மட்டுமே பெய்வதால் ஆடி, ஆவணியில் தட்டுப்பாடு கடுமையாகிறது.

நல்ல தண்ணீர்க் கிணறுகளுக்குப் பேர்போன இடம் சாறாப்பிட்டி. ஒல்லாந்தர் காலத்தவை என்று சொல்லப்படும் கிணறுகள் அங்கே அருகருகே இருக்கின்றன. அந்தக் காலத்தில் குதிரைகளுக்கு நீர் காட்டிய இடமும் அதுவே. ஊரின் மற்றப் பகுதிகளில் இருப்பவர்கள் சைக்கிளிலும் உழவு இயந்திரத்திலும் தண்ணீர் கொண்டுபோவது வழக்கமாக இருந்து வந்திருக்கிறது. உவர்நீரைக் குடிநீராக்கும் நிலையங்கள் வந்தபின் சிரமம் ஓரளவு குறைந்திருக்கிறது. ஆனால் அந்த இயந்திரங்கள் ஓட மின்சாரம் வேண்டும். தீவின் மின்சாரமோ படகில் வரும் டீசலை நம்பியது. தண்ணீர்ப் பிரச்சினையும் சுற்றிவளைத்துப் படகில்தான் வந்து நிற்கிறது.

ஆண்டவர்கள் விட்டுப்போனவை

நெடுந்தீவு மேற்கில் வெடியரசன் கோட்டை என்று ஊரார் அழைக்கும் இடத்தில் முருகைக்கல்லால் ஆன வட்டக் கட்டுமானங்களின் அடிப்பகுதிகள் இருக்கின்றன. இவை பண்டைய பௌத்தத் தூபிகளின் எச்சங்கள் எனத் தொல்லியலாளர்கள் அடையாளம் கண்டிருக்கிறார்கள். ஊர் வழக்கில் வெடியரசன் இந்தத் தீவை ஆண்ட மன்னன். கண்ணகியின் சிலம்புக்கு நாகமணி தேடி வந்த மீகாமனோடு அவன் கடலில் பொருதிய கதை, ஈழத்துக் கண்ணகி வழக்குரைக் காவியத்தில் விரிவாக வருகிறது.

1619இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர் இந்தத் தீவின் கால்நடை வளத்தைக் கண்டு பசுக்களின் தீவு என்று பெயரிட்டார்கள். 1658இல் வந்த ஒல்லாந்தர் தீவுகளுக்குத் தம் நாட்டு நகரங்களின் பெயர்களைச் சூட்டினார்கள். காரைநகர் அம்ஸ்டர்டாம் ஆனது. வேலணை லைடன் ஆனது. நெடுந்தீவு டெல்ஃப்ட் ஆனது. மற்றப் பெயர்கள் பேச்சிலிருந்து மறைந்துவிட, டெல்ஃப்ட் மட்டும் ஆங்கில ஆவணங்களிலும் வரைபடங்களிலும் நிலைத்துவிட்டது. மருத்துவமனைக்கு அருகே கரையோரமாகச் சிதைந்து நிற்கும் கோட்டையை ஒல்லாந்தர் கோட்டை என்றும் மீகாமன் கோட்டை என்றும் சொல்கிறார்கள். இரண்டு தளம் உயர்ந்திருந்த கட்டடத்தின் தடித்த சுவர்களும் வளைவுகளும் எஞ்சியிருக்கின்றன. முருகைக்கல்லைச் சுண்ணாம்புச் சாந்தில் பதித்துக் கட்டியவை அவை.

1795இல் ஆங்கிலேயர் யாழ்ப்பாணத்தைப் பிடித்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் முதற்பகுதியில் லெப்டினன்ட் நோலன் என்ற அதிகாரி இங்கே குதிரை வளர்ப்பை நடத்தினார். லாயத்தின் தூண்கள் இன்றும் நிற்கின்றன. பிரதேச செயலகத்துக்கு அருகே உள்ள புறாக்கூடு, தூதுப் புறாக்கள் வளர்த்த மாடம். படகு ஓடாத நாளிலும் செய்தி போய்ச் சேர வேண்டும் என்ற தேவையே அதைக் கட்ட வைத்தது. தென்முனையில் உயர்ந்து நிற்கும் குவிந்தா கோபுரம் கப்பல்களுக்கு வழிகாட்டிய அடையாளம்.

குதிரை வளர்ப்பு கைவிடப்பட்டபின் அவிழ்த்துவிடப்பட்ட குதிரைகளின் வழித்தோன்றல்கள் இன்று தென்புறப் புல்வெளிகளில் கூட்டம் கூட்டமாகத் திரிகின்றன. உருவத்தில் சிறிய மட்டக்குதிரைகள் இவை. மாரியில் குளங்கள் நிரம்பியிருக்க, புல்லும் செழித்துக் குட்டிகளோடு மேய்கின்றன. கோடையில் குளங்கள் வற்றினால் தாகத்தால் மடிவதும் உண்டு. அந்த நாட்களில் தமக்கே தண்ணீர் போதாத ஊரார் தொட்டிகளில் நீர் நிரப்பி அவற்றைக் காக்க முயல்கிறார்கள். 2015இல் தீவின் 1,800 ஹெக்டேயருக்கு மேற்பட்ட நிலம் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

ஊரார் பெருக்கமரம் என்று அழைக்கும் ஆப்பிரிக்க மரமும் பார்க்க வேண்டிய ஒன்று. அரபு வணிகர்கள் கொண்டுவந்ததாகக் கருதப்படும் இந்த மரத்தின் அடி குடைந்து, சிலர் உள்ளே நிற்குமளவு வெளி உண்டு. ஆண்டுதோறும் வளர்வதாக நம்பப்படும் முருகைப்பாறை ஒன்றை மக்கள் பூச்சூட்டி வணங்குகிறார்கள்.

மக்களும் தொழிலும்

மீன்பிடியே முதல் தொழில். நண்டும் கடலட்டையும் நல்ல வருமானம் தருபவை. தமிழ்நாட்டு இழுவைப் படகுகள் இந்தக் கடற்பரப்புக்கு வருவதால் சிறுவலைகள் அறுபட்டுப் போவது இங்குள்ள மீனவர்களின் நீண்டகால முறைப்பாடு. மாடு, ஆடு வளர்ப்பும் பனைத்தொழிலும் அடுத்தவை. ஒடியல், புழுக்கொடியல், பனங்கட்டி ஆகியவை வீடுகளில் தயாராகின்றன. மீனும் நண்டும் ஒடியல் மாவும் சேர்த்துக் காய்ச்சும் கூழ் தீவகத்துக்கே உரிய உணவு. உலகத் தமிழாராய்ச்சிக்கு அடித்தளமிட்ட தனிநாயகம் அடிகள் ஊர்காவற்றுறையைச் சேர்ந்த கரம்பொனில் பிறந்தவர் என்றாலும், அவரது தந்தைவழி வேர் நெடுந்தீவில் இருக்கிறது.

வன்னிக் குடியேற்றத் திட்டங்கள் தொடங்கியபோதே நிலமும் நீரும் தேடிப் பலர் புறப்பட்டார்கள். போர்க்காலம் இன்னும் பலரை யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் வெளிநாடுகளுக்கும் அனுப்பியது. கல்வேலிகள் சிதையாமல் நிற்க, உள்ளே ஆளில்லாத வளவுகள் பல. மேற்படிப்பு, அவசரச் சிகிச்சை, பிரசவம் எதுவானாலும் கடல் கடந்தே ஆகவேண்டிய நிலை, இருப்பவர்களையும் வெளியே இழுக்கிறது.

போகிறவர்களுக்கு

காலைப் படகில் போய்ப் பிற்பகல் கடைசிப் படகில் திரும்பலாம். நேரம் பருவத்துக்கு ஏற்ப மாறும் என்பதால் இறங்கியதுமே திரும்பும் படகின் நேரத்தைத் துறையில் கேட்டு வைப்பது அவசியம். முக்கிய இடங்கள் தூரத்துக்கு ஒன்றாகச் சிதறியிருப்பதால் முச்சக்கரவண்டி பிடிப்பதே எளிது. தங்க விரும்புகிறவர்களுக்குச் சிறு விடுதிகள் உண்டு. மாசி, பங்குனி கடற்பயணத்துக்கு ஏற்றவை; குதிரைகளையும் பசும்புல்லையும் காண மாரி முடிந்த தை நல்லது. ஊரின் குடிநீர் அரிது என்பதால் தண்ணீரைக் கையோடு கொண்டுபோய், வெறும் போத்தல்களைத் திரும்ப எடுத்துவருவது ஊருக்குச் செய்யும் உதவி. கல்வேலிமேல் ஏறுவதும் கல்லைப் பிடுங்குவதும் கூடாது. சாந்தில்லாத அடுக்கில் ஒரு கல் போனாலும் வரிசை சரியும்.

நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றுக்கும் சூரிய ஒளியாலும் காற்றாலும் மின்சாரம் வழங்கும் திட்டத்துக்கு 2022இல் இந்தியாவும் இலங்கையும் உடன்படிக்கை செய்தன. அந்த மின்சாரம் ஒழுங்காகக் கிடைத்தால் குடிநீர் நிலையங்கள் டீசலை எதிர்பாராமல் ஓடும். மீனவர்களுக்குப் பனிக்கட்டி ஊரிலேயே கிடைக்கும். அதோடு எல்லாப் பருவத்துக்கும் தாங்கும் படகுச் சேவையும் அமைந்தால், படிப்புக்கும் பிழைப்புக்கும் ஊரை விட்டுப் போகும் இளைஞர்களில் ஒரு பகுதியினராவது நெடுந்தீவிலேயே வாழ வழி பிறக்கும்.