நிற்கும் மரத்தின் உச்சி

ஜூலை 6, வில்லிங்டன் தீவு, கொச்சி

காயலைத் தூர்வாரிய மண்ணில், பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோவின் மேற்பார்வையில் எழுந்த இந்தத் தீவிலிருந்து மழைக்காட்டைப் பற்றி எழுதுவது பொருந்தாது என்று தோன்றலாம். ஆனால் கொச்சித் துறைமுகத்துக்கும் மலைக்கும் பழைய உறவு உண்டு. 1907 முதல் 1963 வரை பரம்பிக்குளத்துத் தேக்கும் ஈட்டியும் காட்டு டிராம் வண்டியில் சாலக்குடிக்கு இறங்கின. அங்கிருந்து ரயிலேறித் துறைமுகத்துக்கு வந்தன. வந்தவை அடிமரங்கள் மட்டுமே. கிளை, பாசி, தொற்றி வளர்ந்த ஆர்க்கிட், பொந்தில் தேங்கிய நீர் எல்லாம் வெட்டிய இடத்திலேயே மட்கிப்போயின. கன அடியில் மரத்தை அளப்பவருக்கு அவை கணக்கில் சேராதவை. காட்டின் உச்சியை மரம் நிற்கும்போதே, மேலே ஏறித்தான் அறிய முடியும். அந்த வேலையில் நம் மலைகளில் நடந்தது மிகக் கொஞ்சம்.

களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தின் காக்காச்சியில் சூழலியலாளர்கள் கணேஷும் சௌபத்ரா தேவியும் கயிற்றில் ஏறிச் செய்த ஆய்வு, மேலே ஏறினால் என்ன தெரியவரும் என்பதற்கு நல்ல சான்று. அங்கே மிகுந்திருக்கும் வெடிப்பலாவின் பூக்களுக்கு இதழ்களே இல்லை. சதைப்பற்றான அப்பூக்களை மரத்தில் வாழும் பாலூட்டிகள் தேடி வந்து தின்கின்றன. தின்ன வரும் விலங்குகளே மகரந்தத்தையும் கொண்டுசேர்க்கின்றன. பூவை நாசம் செய்வதாகத் தரையிலிருந்து தெரியும் விலங்கு, அந்த மரத்தின் அடுத்த தலைமுறைக்கே துணை நிற்கிறது. எத்தனை நாள் கீழே நின்று அண்ணாந்து பார்த்தாலும் இது புலப்படாது.

ஜூலை 9

செயற்கைக்கோளும் டிரோனும் இருக்கும்போது மனிதர் ஏன் ஏற வேண்டும் என்பார்கள். உயரத்தையும் பசுமையையும் அவை நன்றாகவே அளக்கும். வெடிப்பலா பூப்பதோ இலைக்கூரைக்குக் கீழே, கிளைகளை ஒட்டி. இரவில் அங்கே எது வருகிறது என்று வானிலிருந்து பார்க்க வழியில்லை.

இன்னொரு மறுப்பு கனமானது: உச்சியைப் பற்றிய எண்கள் மிகையானவை. பூச்சியியலாளர் டெரி எர்வின் பனாமாவில் ஒரே இனத்தைச் சேர்ந்த 19 மரங்களில் பூச்சிக்கொல்லிப் புகை அடித்து, உதிர்ந்த வண்டுகளிலிருந்து கணக்கிட்டு, வெப்பமண்டலக் கணுக்காலிகளில் 3 கோடி இனங்கள் இருக்கலாம் என்று 1982இல் எழுதினார். பின்வந்த மதிப்பீடுகள் அதை வெகுவாகக் குறைத்தன. உண்மைதான். ஆனால் கணக்கு ஆட்டம் கண்டது, எந்த வண்டு எந்த மரத்தை மட்டும் நம்பி வாழ்கிறது என்ற விவரம் போதாததால். அதை அறியவும் மரமேறத்தான் வேண்டும்.

செலவு? பனாமாவில் 1990இல் கட்டடக் கிரேனையே காட்டில் நிறுத்தி சூழலியலாளர் ஆலன் ஸ்மித் ஆய்வு தொடங்கினார். நம் செங்குத்துச் சரிவுகளில் அதை நிறுத்துவது கடினம்; நமக்கு அது தேவையும் இல்லை, மரமேறத் தெரிந்தவர்கள் இங்கேயே இருக்கிறார்கள். மூங்கில் முளை அடித்துத் தேன் எடுக்க ஏறும் காடர்கள் வாழச்சாலில் இருவாச்சிக் கூடுகளைக் காத்துவருகிறார்கள். மரப்பொந்து நீரில் வாழும் நண்டினத்தை 2017இல் கேரளப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். அதை முன்பே அறிந்து அவர்களுக்குக் காட்டியவர்கள் காணி மக்கள். இவர்களுக்கு நிரந்தர ஊதியமும் விபத்துக் காப்பீடும் ஆய்வுக் கட்டுரையில் ஆசிரியர் என்ற இடமும் தருவதற்கு ஒரு கிரேனின் விலை ஆகாது.