அரிசி மூட்டையும் ஆஸ்பத்திரிக் கட்டிலும்



"அக்கா தாதி வேலையும் பார்த்துக்கொண்டு பல்கலைக்கழகத்தில் என்ன படிக்கிறா?" என்று வாலிபர் கூட்டத்தில் பலர் கேட்டிருக்கிறீர்கள். பதில் கொஞ்சம் நீளம் என்பதால் எழுதித் தருகிறோம். "நாங்கள்" என்று எழுதக் காரணம் உண்டு. பல்கலைக்கழகப் பதிவில் இருப்பது ஒருவரின் பெயர்தான். ஆனால் இரவு வேலை முடிந்து நேரே விரிவுரைக்கு ஓடும் நாட்களில் சமைத்தது, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டது, கணக்கில் பிழை கண்டுபிடித்தது எல்லாம் மற்றவர். அம்மாவுக்கும் இதில் பங்கு உண்டு. அதைப் பிறகு சொல்கிறோம்.

பலெர்மோ பல்கலைக்கழகத்தில் நடக்கும் இந்தக் கலாநிதிப் பட்டப் படிப்பின் பெயரைத் தமிழில் சொன்னால், 'மாதிரிகளை அடிப்படையாகக் கொண்ட பொதுத் திட்டமிடல், கொள்கை வடிவமைப்பு, முகாமைத்துவம்'. அரசியல் விஞ்ஞானம், பொருளியல், முகாமைத்துவம் எல்லாம் இதில் கலந்து வரும். வகுப்புகள் ஆங்கிலத்தில் நடக்கும். மூன்று வருடத் தாதியியல் பட்டமும் அதற்கு மேல் இரண்டு வருடப் படிப்பும் முடித்துத்தான் போனோம். இருந்தும் முதல் மாதம் வாயே திறக்கவில்லை. மற்றவர்கள் சட்டம், வரவுசெலவுத் திட்டம் என்று பேசினார்கள். எங்களுக்குத் தெரிந்தது படுக்கைப்புண்ணும் சேலைனும்தானே என்று ஒதுங்கி இருந்தோம்.

முதலில் கற்பித்தது ஒரு குளியல் தொட்டியைப் பற்றி. 'சிஸ்டம் டைனமிக்ஸ்' என்பது அந்தப் பாடம். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஜே ஃபாரெஸ்டர் என்ற பொறியியலாளர் 1950களின் பிற்பகுதியில் தொடங்கிய முறை இது. இந்தத் துறையின் உலக மாநாடு 2002இல் பலெர்மோவிலேயே நடந்திருக்கிறது. தொட்டியில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்பதை நேரடியாக மாற்ற முடியாது. குழாயைத் திறக்கலாம் அல்லது அடைப்பைக் கழற்றலாம், அவ்வளவுதான். வார்டில் இருக்கும் நோயாளர் தொட்டித் தண்ணீர். அனுமதிப்பது குழாய், துண்டு வெட்டி அனுப்புவது வடிகால். கடனும் களைப்பும் நம்பிக்கையும்கூட இப்படித்தான் மெல்லச் சேர்ந்து மெல்ல வடிகின்றன.

அடுத்தது 'பியர் கேம்'. பெயரைக் கேட்டு முகம் சுளிக்க வேண்டாம், அதில் குடி இல்லை. நம்முடைய வாலிபர் கூட்டத்தில் பியருக்குப் பதிலாக அரிசி மூட்டை வைத்து விளையாடினோமே, அதுதான். நான்கு பேர்: கடைக்காரர், மொத்த வியாபாரி, விநியோகஸ்தர், ஆலைக்காரர். ஒருவரோடு ஒருவர் பேசக்கூடாது. துண்டில் ஓடர் எழுதி அனுப்பலாம். கேட்ட சாமான் வரச் சில வாரம் பிடிக்கும். பொறுக்க முடியாமல் எல்லோரும் கூடக் கூட எழுதினீர்கள். முதலில் எங்கும் தட்டுப்பாடு, பிறகு எங்கும் மூட்டை மலை. "மொத்த வியாபாரிதான் பிழை விட்டது", "இல்லை, கடைக்காரன்" என்று சண்டை வேறு. கடைசியில் வாடிக்கையாளரின் துண்டுகளைத் திறந்து காட்டினோம். வாரம் நான்கு மூட்டை கேட்டவர் ஐந்தாம் வாரத்தில் எட்டுக் கேட்டார். அதற்குப் பிறகு மாறவே இல்லை. உங்களில் ஒருவரும் கெட்டவர் இல்லை. சாமான் வரப் பிந்தியது, ஒருவர் நிலைமை மற்றவருக்குத் தெரியவில்லை. அவ்வளவு குழப்பத்துக்கும் அது போதுமாக இருந்தது.

இதை வகுப்பில் படித்த அதே குளிர்காலத்தில் அம்மாவுக்கு இருதயம் பலவீனமாகி, காலில் நீர் கட்டியது. ஒரு வைத்தியசாலையில் வைத்திருந்து, வெள்ளிக்கிழமை பின்னேரம் அவசரமாகத் துண்டு வெட்டி அனுப்பினார்கள். குடும்ப வைத்தியருக்குச் செய்தி போகவில்லை. வீட்டுக்கு வரவேண்டிய தாதி வரவில்லை. இரண்டு கிழமைக்குள் மூச்சு வாங்கியபடி திரும்பவும் 'புரோந்தோ சொக்கோர்சோ'வுக்குக் கொண்டு ஓடினோம். இரவு முழுவதும் நடைபாதையில் தள்ளுகட்டிலில் கிடந்தார். எங்களுக்குக் கோபம் தாங்கவில்லை. அந்த வார்டில் இருப்பவர்களுக்கு மனச்சாட்சியே இல்லை என்று இரண்டு பக்கம் முறைப்பாடு எழுதினோம். அதை வாசித்துக் காட்டியபோது அம்மா கேட்டார்:

"நீயும் அங்கை உப்பிடித்தானே பிள்ளை, ஆக்களை வீட்டை அனுப்புறாய்?"

பதில் வரவில்லை. முந்தின வாரம்தான் நாங்கள் வேலை செய்யும் வார்டில் ஒரு முதியவருக்கு அதே அவசரத்தில் உடுப்பு மாற்றி அனுப்பியிருந்தோம். கீழே கட்டிலுக்காக எட்டுப் பேர் காத்திருந்தார்கள். அவருடைய மகள் மாத்திரைப் பையைக் கையில் வைத்துக்கொண்டு ஏதோ கேட்க நின்றாள். அவளுக்கு நேரம் கொடுக்கவில்லை. அவளும் எங்களைப் பற்றி ஒரு கடிதம் எழுதியிருக்கலாம்.

அன்றிரவு குசினி மேசையில் அந்தப் படத்தை வரைந்தோம். கட்டில் நிரம்பினால் அவசரமாக அனுப்புகிறோம். ஆயத்தமில்லாமல் போனவர் திரும்பி வருகிறார். கட்டில் இன்னும் நிரம்புகிறது, அவசரம் இன்னும் கூடுகிறது. அடுத்த வகுப்பில் பலகையில் வைத்தியசாலை மாதிரி ஒன்று இருந்தது. வீட்டுக்குப் போகும் நோயாளர் ஒரே ஒரு அம்புக்குறி. முதல் தடவையாகக் கையை உயர்த்தினோம். "அந்த அம்பு திரும்பி வருகிறது. வெள்ளிக்கிழமையில் போனால் இன்னும் கெதியாக வருகிறது" என்றோம். எழுந்து வந்து வரையச் சொன்னார்கள். படுக்கைப்புண்ணும் சேலைனும் தெரிந்தவருக்கும் அங்கே வேலை இருக்கிறது என்று அன்றுதான் விளங்கியது.

இந்தப் படிப்பில் பின்னாலிருந்து முன்னுக்குக் கேட்கப் பழக்குகிறார்கள். என்ன பலன் வேண்டும்? அந்தப் பலனை உந்துவது எது? அதற்கு எந்த வளம் தேவை, அந்த வளம் சேர எவ்வளவு காலம் பிடிக்கும்? எங்கள் தொழிலில் இதற்குக் கணக்கு உண்டு. 2014இல் 'லான்செட்' சஞ்சிகையில் ஐரோப்பாவின் 9 நாடுகள், 300 வைத்தியசாலைகள் பற்றிய ஆய்வு ஒன்று வந்தது. ஒரு தாதிக்கு ஒரு நோயாளி கூடினால், சத்திரசிகிச்சைக்கு வந்தவர் 30 நாளுக்குள் இறக்கும் சாத்தியம் 7 வீதம் கூடுகிறது. பட்டம் பெற்ற தாதியரின் பங்கு 10 வீதம் கூடினால் அதே சாத்தியம் 7 வீதம் குறைகிறது. ஆனால் ஒரு பட்டதாரித் தாதி உருவாக இங்கே மூன்று வருடம் வேண்டும். இன்று குழாயைத் திறந்தால் தொட்டிக்குத் தண்ணீர் வருவது மூன்று வருடம் கழித்துத்தான்.

அப்போஸ்தலர் 6ஆம் அதிகாரத்தை இப்போது வேறு விதமாக வாசிக்கிறோம். கிரேக்க மொழி பேசிய விதவைகள் அன்றாடப் பகிர்வில் விடுபட்டுப் போனார்கள். அப்போஸ்தலர் குற்றவாளியைத் தேடவில்லை, ஒழுங்கை மாற்றினார்கள். தெரிந்தெடுத்த ஏழு பேரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்கள். விடுபட்டவர்களின் மொழி தெரிந்தவர்களையே அந்தப் பொறுப்பில் வைத்தார்கள்.

இத்தாலியில் 2022இல் வந்த அரச ஆணை ஒன்று, 3,000 பேருக்குக் குறைந்தது ஒரு குடும்ப, சமுதாயத் தாதி வேண்டும் என்கிறது. அந்த 3,000 என்ற எண்ணை யாரோ ஒரு மேசையில் இருந்து எழுதியிருக்கிறார்கள். எங்கள் அம்மாமாரின் வீட்டுப் படிகளில் ஏறி இறங்கியவர்கள், அவர்கள் மொழி தெரிந்தவர்கள், அந்த மேசையில் இருக்க வேண்டும். தம்பி தங்கைகளே, உங்களைத்தான் சொல்கிறோம்.

முறைப்பாட்டைக் கிழித்துவிட்டு வேறொன்று எழுதினோம். துண்டு வெட்ட இரண்டு நாள் முன்பே குடும்ப வைத்தியருக்கு அறிவிக்க முடியுமா என்று மட்டும் கேட்டோம். பதில் இன்னும் வரவில்லை. எங்கள் வார்டில் இப்போது அனுப்புவதற்கு முன் வீட்டார் ஒருவரை இருத்தி மாத்திரைகளை விளங்கப்படுத்துகிறோம். எல்லா நாளும் முடிவதில்லை. அம்மா தினமும் காலையில் எடை பார்த்துக் காலண்டரில் எழுதுகிறார். மூன்று நாளில் இரண்டு கிலோ கூடினால் வைத்தியருக்குச் சொல்ல வேண்டும் என்று அவருக்கே தெரியும்.

இனி ஆய்வு எழுத வேண்டும். ஜெபத்தில் நினைத்துக்கொள்ளுங்கள். என்ன படிக்கலாம் என்று யோசிக்கிறவர்கள் வீட்டுக்கு வாருங்கள். அரிசி மூட்டை விளையாட்டுப் பெட்டி இன்னும் மேசையில்தான் இருக்கிறது.

உங்கள் அக்காவும் அண்ணாவும்