ஞாயிற்றுக்கிழமைகள் திரும்பி வந்தபோது



அண்மையில் எங்கள் ஆசிரியர் அறையில் ஒரு பேச்சு எழுந்தது. ஆசிரியர் மனநலம் பற்றிய பட்டறைக்கு யார் செல்வது என்பதே பேச்சு. பட்டறை நடைபெறும் நாளோ வார விடுமுறை நாள்! அனைவரும் சிரித்துவிட்டோம். சிரித்து முடித்தபின் பழைய நினைவொன்று வந்து நெஞ்சை உறுத்தியது. அதனால்தான் இதனை எழுதுகிறேன்.

அது 2018ஆம் ஆண்டு. தெப்ராவ் வட்டாரத்தில் நான்காம் ஆண்டு வகுப்பாசிரியையாக இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை, முதற்பாடம். (ஜொகூரில் 2014 தொடங்கி 2024 இறுதி வரை வெள்ளியும் சனியுமே வார விடுமுறை. ஞாயிறு பள்ளி நாள். வெளிமாநில அன்பர்களுக்காக இதைக் குறிப்பிடுகிறேன்.) கடைசி வரிசையில் ஒரு மாணவன் மேசைமீது தலைசாய்த்து உறங்கிக்கொண்டிருந்தான். நான் கத்தினேன். கண்டிப்பதற்கும் கத்துவதற்கும் உள்ள வேறுபாடு ஆசிரியர்களுக்குத் தெரியும். அன்று நான் செய்தது இரண்டாவது. பக்கத்து வகுப்பு ஆசிரியர் எட்டிப் பார்த்தார். பையன் எழுந்து நின்று, "மன்னிச்சிடுங்க டீச்சர்" என்றான்.

ஓய்வு நேரத்தில் அவனை அழைத்து விசாரித்தேன். தாய் தந்தை இருவருக்கும் சிங்கப்பூரில் வேலை. விடியற்காலை நான்கு மணிக்கெல்லாம் மோட்டார் சைக்கிளில் புறப்பட்டுவிடுவார்கள். சனிக்கிழமையும் தந்தைக்கு மிகைநேர வேலை உண்டு. முதல்நாள் இரவுதான் குடும்பமாக வெளியே சென்று உண்டு, நள்ளிரவுக்குமேல் வீடு திரும்பியிருக்கிறார்கள். "நேத்துதான் டீச்சர் அப்பா எங்ககூட இருந்தாரு" என்றான். பெற்றோருக்கு ஞாயிறு விடுமுறை. பிள்ளைக்கு அன்று பள்ளி. வாரத்தில் ஓர் இரவு தந்தையோடு இருந்ததற்காகத்தான் அவன் என்னிடம் திட்டு வாங்கினான்.

அன்று நான் அவனிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

உண்மையில் அவன் கதை என் வீட்டுக் கதையும்தான். என் கணவரும் பாலம் கடந்து வேலைக்குச் செல்பவர். 1924இல் திறக்கப்பட்ட அந்தப் பாலத்தின் நீளம் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர்தான். ஆனால், நெரிசல் மிகுந்த காலைகளில் அந்த ஒரு கிலோமீட்டர் ஒரு மனிதனின் இரண்டு மணி நேரத்தை விழுங்கிவிடும். அவருக்கு ஞாயிறு ஓய்வு, எனக்கு வெள்ளி ஓய்வு. வெள்ளிக்கிழமை ஆளில்லாத வீட்டில் துணி துவைத்து, பயிற்சிப் புத்தகங்கள் திருத்தி, மறுவாரப் பாடத்திட்டம் எழுதுவேன். அதை ஓய்வு என்றுதான் நம்பிக்கொண்டிருந்தேன். பேராக்கிலிருந்து இங்கு மாற்றலாகி வந்த தோழியர்க்கு இன்னும் சிரமம். ஊரில் உறவினர் திருமணங்கள் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைகளில். அழைப்பிதழைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்கள்.

2019இல் உலகச் சுகாதார நிறுவனம் தனது அனைத்துலக நோய் வகைப்பாட்டின் 11ஆம் பதிப்பில் பணிச்சோர்வுக்கு விளக்கம் தந்தது. முறையாகக் கையாளப்படாத, நாள்பட்ட பணியிட அழுத்தத்தின் விளைவு அது; நோயன்று, பணிசார்ந்த ஒரு நிலை என்றது. அதற்கு மூன்று கூறுகள்: ஆற்றல் வற்றிப்போதல், பணியிலிருந்து மனம் விலகுதல் அல்லது அதன்மீது கசப்புக்கொள்ளுதல், செயல்திறன் குன்றுதல். முதலாவதும் மூன்றாவதும் எனக்கு வியப்பளிக்கவில்லை. இரண்டாவதைப் படித்தபோதுதான் அந்தக் கடைசி வரிசை நினைவுக்கு வந்தது. உறங்கியவன் எனக்கு அன்று பிள்ளையாகத் தெரியவில்லை. பாடத்திற்கு இடையூறாகத் தெரிந்தான்.

திருக்குறளில் ஊக்கமுடைமை, மடியின்மை, ஆள்வினையுடைமை என மூன்று அதிகாரங்கள் அடுத்தடுத்து உள்ளன. சபைகூடலில் அவற்றை எத்தனை முறை பேசியிருப்பேன்! ஓய்வுக்கெனத் தனி அதிகாரம் இல்லை. அது வள்ளுவர் குறையன்று. களைத்தவனையும் சோம்பேறியையும் ஒரே கண்ணால் பார்த்தது என் குறை.

2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. அந்த மாணவன் அப்போது ஆறாம் ஆண்டு. தந்தை பாலத்துக்கு அந்தப் பக்கமே தங்கிவிட்டார். அவ்வாண்டு யூ.பி.எஸ்.ஆர் தேர்வும் கைவிடப்பட்டது. வீட்டில் ஒரே கைப்பேசி, அதுவும் தாயிடம். எனவே இரவு பதினொரு மணிக்குப் புலனத்தில் அவன் வீட்டுப்பாடம் வரும். நானும் அப்போதே திருத்தி அனுப்புவேன். அது தேவைப்பட்ட காலம். ஆனால், பள்ளி திறந்த பிறகும் அந்தப் பதினொரு மணி என்னை விடவில்லை.

பிறகு ஒரு பெற்றோர் கூட்டத்தில் சொல்லிவிட்டேன், இரவு எட்டுக்குமேல் பதில் தரமாட்டேன் என்று. ஒரு தாய் எழுந்தார். "நாங்க வீடு வந்து சேரவே ஒன்பதாகுது டீச்சர், நாங்க எப்பக் கேக்குறது?" நியாயமான கேள்வி. இரவில் அவர்கள் குரற்பதிவு அனுப்புவது, காலையில் சபைகூடலுக்கு முன் நான் பதில் தருவது என்று முடிவாயிற்று. கைப்பேசி எட்டு மணிக்குச் சமையலறை அலமாரிக்குப் போய்விடும். முதல் வாரம் கை அரித்தது; பொய்யில்லை.

எனினும், எனக்குப் பேருதவி செய்தது என் ஒழுங்கன்று. 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்டு, 2025 சனவரி முதல் நாள் ஜொகூரின் வார விடுமுறை மீண்டும் சனி, ஞாயிறாக மாறியது. வெள்ளி விடுமுறை போனதில் முஸ்லிம் தோழியர் சிலருக்கு வருத்தம் உண்டு, அதையும் மறைப்பதற்கில்லை. என்னளவில், எத்தனையோ மூச்சுப்பயிற்சிகளும் உரைகளும் தராததை நாள்காட்டியில் நிகழ்ந்த ஒரு மாற்றம் தந்தது.

சனவரி 5, முதல் ஞாயிறு. பழக்கதோஷம், நான்கு மணிக்கே விழித்துவிட்டேன். கணவரும் விழித்திருந்தார். "இன்னிக்கு உனக்குப் பள்ளி இல்லையா?" என்றார். "இல்லை, உங்களுக்கு?" என்றேன். மீண்டும் உறங்கி, ஒன்பது மணிக்கு மேல்தான் எழுந்தோம். திருத்த வேண்டிய கட்டுரைப் புத்தகங்கள் மேசைமேல் அப்படியே இருந்தன.