கேத வீட்டுக்கு ஏஜெண்ட் போகும் நேரம்

எல்.ஐ.சி. ஏஜெண்ட் என்றால் பாலிசி பிடிக்கிற ஆள் என்றுதான் ஊருக்குத் தெரியும். பாலிசி பிடிப்பதற்கு வாய் இருந்தால் போதும். பாலிசிதாரர் போன பிறகு அந்தப் பணத்தை அவர் வீட்டில் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் தொழில். மேலூர்ப் பக்கத்துக் கிராமங்களில் நான் செய்துவருவது இதைத்தான்.

சாவுச் சேதி வந்ததும் எல்லோரையும் போலத்தான் போவேன். ஃபைல் இல்லை, பை இல்லை. பந்தலில் ஆம்பிளைகளோடு உட்காருவேன். யாராவது ஒரு மாமன் முறைக்காரர் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு, "எம்புட்டுக்குப் போட்டுருந்தான்?" என்று காதோரம் கேட்பார். "ஆபீஸ்ல பாத்துத்தான் சொல்லணும்ணே" என்பேன். பார்க்காமலே தெரியும். ஆனால் அந்தத் தொகை, செத்தவர் மனைவிக்குத் தெரியுமுன் பந்தலைச் சுற்றிவரக் கூடாது. கிளம்பும்போது வழக்கப்படி யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் எழுந்துவிடுவேன்.

அந்த நாட்களில் நான் தலையிடுவது ஒரே காரியத்தில்தான்: இறப்பைப் பதியப் போகிறவன் யாரென்று கண்டுபிடிப்பேன். 21 நாளுக்குள் பதிந்தால் கட்டணமில்லை. ஆஸ்பத்திரிச் சாவென்றால் அவர்களே தகவல் அனுப்பிவிடுவார்கள். சேர்க்கும்போது சீட்டில் என்ன பெயர் எழுதினார்களோ அதுதான் போகும். வீட்டில் நடந்ததென்றால் வி.ஏ.ஓ.விடம் போய்ச் சொல்ல வேண்டும். போகிறவன் பெரும்பாலும் பங்காளி வீட்டு இளவட்டம். அவனுக்குப் பெரியப்பா பெயர் 'சின்னையா'. ஊரே அப்படித்தான் கூப்பிட்டது. ஆதாரில் கருப்பணன், பாலிசியில் பி. கருப்பணன், ரேஷன் கார்டில் கருப்பன். சான்றிதழ் சின்னையா என்று வந்துவிட்டால், செத்தது ஒருவர், பாலிசி போட்டது இன்னொருவர் என்றாகிவிடும். பிறகு திருத்தம், நோட்டரி, இருவரும் ஒருவரே என்று எழுதி வாங்குவது என அந்தப் பொம்பளை மாதக்கணக்கில் அலைய வேண்டும். அதனால் ஆதார் நகலை அவன் சட்டைப்பையில் வைத்துத்தான் அனுப்புவேன். தேதியையும் ஒருமுறை கேட்டுக்கொள்வேன். விடியற்காலை இரண்டு மணிக்குப் போன உயிரை நம் ஆட்கள் "நேத்து ராத்திரி" என்பார்கள். நம் கணக்கில் பொழுது விடிந்தால்தான் மறுநாள். அரசாங்கத்துக்கு நள்ளிரவு பன்னிரண்டு.

மற்றதெல்லாம் காத்திருக்கும். கருமாதி முடிந்து, பந்தல் பிரித்து, சொந்தபந்தம் பஸ் ஏறிய பிறகுதான் ஃபைலோடு போவேன். மத்தியானச் சமையல் முடிந்த நேரமாகப் பார்த்து.

3783 என்றொரு படிவம் உண்டு. சாவுக்கு என்ன காரணம், நோய் எப்போது தொடங்கியது, யார் வைத்தியம் பார்த்தார்கள் என்று கேட்கும். ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு வரி இடம்தான். ஆனால் கேட்டதும் அந்தப் பெண் கதையைத் தொடக்கத்திலிருந்து சொல்வாள். பதினாறு நாளும் வந்தவர்களெல்லாம் அவளிடம் எப்படி நடந்தது என்று கேட்டிருப்பார்கள். அவள் வாயெடுக்குமுன் அண்ணனோ கொழுந்தனோ பதில் சொல்லியிருப்பான். இப்போது படிவம் அவளைத்தான் கேட்கிறது. பேனாவை மூடி வைத்துவிடுவேன். "நெஞ்சு கரிக்குதுன்னு சொன்னப்பவே கூட்டிட்டுப் போயிருக்கணும்ணே" என்று ஒரு இடத்தில் உடைவாள். விதி என்று சொல்வது எனக்குப் பிடிக்காது. அது வாயை அடைக்கிற பேச்சு. "எத்தனை மணி இருக்கும்மா அப்ப?" என்று கேட்பேன். மணியிலிருந்து மணிக்கு அவளே வருவாள். அதற்கப்புறமும் அவர் தண்ணீர் பாய்ச்சப் போனது, வந்து நன்றாகச் சாப்பிட்டது எல்லாம் அப்போதுதான் அவளுக்கே வரிசையாக ஞாபகம் வரும். அன்று படிவம் முடியாவிட்டால் முடியவில்லை, அவ்வளவுதான்.

பேங்க் பாஸ்புக்கையும் வாங்கிப் பார்ப்பேன். மே கடைசியை ஒட்டி 436 ரூபாய் பிடித்திருந்தால் அது பிரதமரின் ஜீவன் ஜோதி காப்பீடு, 2 லட்சம். 20 ரூபாய் என்றால் விபத்துக் காப்பீடு. கணக்குத் தொடங்கும்போது கையெழுத்து வாங்கியதோடு சரி, பல வீடுகளில் அது இருப்பதே தெரியாது.

பாலிசி எடுத்து மூன்று வருஷத்துக்குள் இறந்திருந்தால் விசாரணை வரும். அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால், முன்பின் தெரியாத ஒருவர் வந்து பக்கத்து வீட்டில் "குடிப்பாரா?" என்று கேட்கும்போது அந்தக் குடும்பம் கூனிப்போகும்.

பெரிய சிக்கல் நாமினி. கல்யாணத்துக்கு முன் எடுத்த பாலிசியில் அம்மா பெயர் இருக்கும். பிறகு யாரும் மாற்றியிருக்க மாட்டார்கள். 2015 திருத்தத்துக்குப் பிறகு, பெற்றோரோ மனைவியோ பிள்ளைகளோ நாமினியாக இருந்தால் பணம் அவர்களுக்கே உரியது. மாமியாரையும் மருமகளையும் ஒரே திண்ணையில் உட்காரவைத்து இதைச் சொல்வதைவிடக் கஷ்டமான வேலை இத்தொழிலில் இல்லை. கல்யாணப் பத்திரிகை கைக்கு வந்தால் மொய்க் கவரோடு நாமினி மாற்றும் படிவத்தையும் கொண்டுபோய்விடுகிறேன். மாப்பிள்ளைகள் சிரிக்கிறார்கள், கையெழுத்தும் போடுகிறார்கள்.

பணம் கணக்கில் ஏறிய வாரமே கைமாத்து கேட்டு ஆட்கள் வருவார்கள். டிராக்டர் தவணை, பிள்ளை காலேஜ் பீஸ், ஆறு மாதத்தில் திருப்பித் தருகிறேன். கேட்பவர்கள் பந்தலில் ஓடியாடி வேலை செய்தவர்கள். முகத்தை முறிக்க முடியாது. "ஏஜெண்ட் அண்ணன் டெபாசிட்ல போட்டு விட்டுட்டாரு, இப்ப எடுக்க முடியாதாம்" என்று என் தலையில் போடச் சொல்லியிருக்கிறேன். டெபாசிட்டை எப்போது வேண்டுமானாலும் உடைக்கலாம் என்பது கேட்பவருக்கும் தெரியும். அவருக்குக் கோபம் என் மேல்தான் வரும். சந்தையில் என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்கிற ஆட்கள் சிலர் இருக்கிறார்கள்.