சுரைக்குடுவையில் ஒரு பச்சைக் கசப்பு

போன மாதம் ஆனைமலைப் பக்கத்துத் தென்னை விவசாயி ஒருவர், கையில் ஒரு நோட்டீஸோடு அலுவலகத்துக்கு வந்தார். ‘‘ஏனுங்க சார், மாத்தேன்னு ஒரு செடியாமுங்க. பிரேசில் டீங்கறாங்க. கன்னு எரநூத்தம்பது ரூவா. இலையை அவங்களே திருப்பி எடுத்துக்குவாங்களாம். தென்னைக்குள்ள ஊடுபயிரா வெச்சுப் பாக்குலாமுங்களா?’’

அவருக்குச் சொன்ன பதிலுக்குப் பிறகு வருகிறேன். அந்த இலையை ஒன்றரை வருடமாகத் தினமும் காலையில் குடிக்கிறவன் நான் என்பது அவருக்குத் தெரியாது. அதனால் முதலில் குடிக்கிற கதை.

என் தங்கை மகன் பிரேசிலின் தென்கோடியில், போர்ட்டோ அலெக்ரி நகரத்தில் வேலை பார்க்கிறான். விடுப்பில் வந்தபோது ஒரு கிலோ பொட்டலம், ஒரு சுரைக்குடுவை, அடியில் சல்லடை வைத்த ஓர் உலோக உறிஞ்சுகுழல் மூன்றையும் கொடுத்துவிட்டுப் போனான். பொட்டலத்தைப் பிரித்தால் மருதாணிப் பொடி மாதிரி பச்சைப் பசேலென்று இருந்தது. இடையிடையே குச்சித் துணுக்குகள். வெட்டிய புல்லின் வாசனை.

நமக்குத் தெரிந்தது ஒரே முறைதானே? பாலைக் கொதிக்கவிட்டு, இரண்டு ஸ்பூன் போட்டு, சர்க்கரையும் போட்டேன். என் மனைவி ஒரு வாய் குடித்துவிட்டு, ‘‘ஏங்க, இதுக்கு வேப்பங்கொழுந்தே தேவலை’’ என்று டம்ளரை வைத்துவிட்டார். வீடியோ காலில் சொன்னதும் தங்கை மகன் தலையில் கை வைத்துக்கொண்டான். ‘‘மாமா, பச்சைப் பயிருக்குக் கொதிக்கிற தண்ணி ஊத்துவீங்களா? இதுவும் அப்படித்தான்’’ என்றான். வேளாண்மை படித்தவனுக்கே உதாரணம் சொல்கிறான்!

அவன் சொன்ன முறை இது. குடுவையில் மூன்றில் இரண்டு பங்கு இலைத்தூளைப் போட வேண்டும். அவ்வளவா என்று தோன்றும், அவ்வளவும்தான். வாயைக் கையால் மூடிச் சாய்த்துத் தட்டினால், தூள் ஒரு பக்கமாகச் சரிவாக ஒதுங்கும். வரப்புச் சரிவு மாதிரி. காலியான பக்கத்தில் முதலில் வெறும் ஆறிய தண்ணீரை ஊற்றிச் சில நிமிடம் விட வேண்டும். தூள் ஊறி உப்பி, சரிவு இறுகிவிடும். பிறகு குழலின் மேல்வாயைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு, ஈரப் பக்கமாக அடிவரை இறக்க வேண்டும். விரலை எடுத்ததும் தண்ணீர் குழலுக்குள் ஏறும், தூள் ஏறாது. அதன்பின் சுடுதண்ணீர். கொதித்தது அல்ல, 70 முதல் 80 டிகிரி. தெர்மாமீட்டர் வேண்டாம், பாத்திரத்தின் அடியில் சின்னக் குமிழிகள் கிளம்பும்போதே இறக்கிவிட்டால் சரி. குழலை மட்டும் ஆட்டக் கூடாது. ஆட்டினால் அடைத்துக்கொள்ளும். நான் இரண்டு முறை அடைத்து, ஊதி, சட்டையெல்லாம் பச்சையாக்கிக்கொண்டிருக்கிறேன்.

முதல் குடுவை நல்ல கசப்பு. மூன்றாவது, நான்காவது ஊற்றலில் கசப்பு தணிந்து, தொண்டையில் லேசான இனிப்பு நிற்கும். ஒரே தூளில் பத்துத் தடவைக்கு மேல் தண்ணீர் விடலாம். ருசி கழன்றதும் தூளை நான் கறிவேப்பிலைத் தூரில் கொட்டிவிடுகிறேன்.

ஓர் எச்சரிக்கை. இதிலும் காபியில் உள்ள காஃபின் உண்டு. கர்ப்பிணிகள், ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். எந்தப் பானமாக இருந்தாலும் 65 டிகிரிக்கு மேல் சுடச்சுடக் குடிப்பது உணவுக்குழாய்க்கு ஆபத்து என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2016-ல் சொல்லியிருக்கிறது. அது நம் டீக்கடைக்கும் சேர்த்துத்தான். ஊற்றியதும் உறிஞ்சாமல் கொஞ்சம் ஆறவிடுங்கள்.

இந்த இலை ஒரு பசுமைமாறா மரத்தினுடையது. பராகுவே, அர்ஜென்டினாவின் வடகிழக்கு, பிரேசிலின் தெற்கு ஆகியவைதான் அதன் தாய்மண். குவாரானிப் பழங்குடிகள் கண்டுபிடித்த பானம். பறித்த இலையை ஒரு நாளுக்குள் தீயில் சில நொடிகள் வாட்டிவிடுவார்கள், இல்லாவிட்டால் கறுத்துவிடும். பிறகு உலர்த்தி இடிப்பார்கள். அர்ஜென்டினாவில் அதை மாதக்கணக்கில் பழையதாக்கி, மஞ்சளோடிய பிறகு விற்பது வழக்கம். தென்பிரேசிலில் உடனே பொடித்துப் பச்சையாகவே விற்கிறார்கள். என்னிடம் வந்தது அந்தப் பச்சை. பிரித்த பொட்டலத்தை இறுக மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்காவிட்டால் நிறமும் மணமும் போய்விடும்.

குடிக்கும் முறையில் எனக்குப் பிடித்தது இன்னொன்று. ஒருவரே தண்ணீர் ஊற்றுவார். ஒரே குடுவை, ஒரே குழல், வட்டமாக எல்லோருக்கும் போகும். முதல் கசப்பை ஊற்றுகிறவரே குடித்துவிட வேண்டும். விருந்தாளிக்குக் கொடுக்கக் கூடாது. அர்ஜென்டினாவில் குடுவையைத் திருப்பிக் கொடுக்கும்போது ‘நன்றி’ சொன்னால் ‘எனக்குப் போதும்’ என்று அர்த்தம். இது தெரியாமல் தங்கை மகன் அங்கே போயிருந்தபோது முதல் சுற்றிலேயே நன்றி சொல்லிவிட்டு, அடுத்த குடுவைக்காகக் காத்துக்கொண்டே இருந்தானாம்.

சரி, அந்த விவசாயிக்கு வருவோம். நேரடியாகச் சொன்னேன்: ‘‘வைக்காதீங்க.’’

அதற்குப் பயிர்க் காரணங்கள் உண்டு. வருடம் முழுக்கப் பரவலான நல்ல மழையும், புளிப்புத்தன்மையுள்ள செம்மண்ணும் கேட்கிற மரம் அது. நம் கோடையில் சொட்டு நீரில் உயிர் பிடித்து வைக்கலாம். மகசூல் பார்க்க முடியாது. விதையும் முரண்டு பிடிக்கும், முளைக்கவே மாதக்கணக்காகும். பாதிரிமார்கள் அங்கே தோட்டமாக வளர்த்தார்கள். 1767-ல் ஸ்பெயின் அரசர் அவர்களை வெளியேற்றியதும் தோட்டங்கள் அழிந்து, விதையை முளைக்க வைக்கும் வித்தையும் மறந்துபோனது. நூறு வருடங்களுக்கு மேல் கழித்துத்தான் மீண்டும் முறையாகத் தோட்டம் போட்டார்கள்.

விலைக் கதை இன்னும் நமக்குப் பழக்கமானது. அர்ஜென்டினாவில் விலையைக் கட்டுப்படுத்திய வாரியத்தை 1991-ல் கலைத்தார்கள். விலை சரிந்தது. 2001-ல் மிசியோனெஸ் மாகாண விவசாயிகள் டிராக்டர்களோடு தலைநகரில் போய் உட்கார்ந்தார்கள். 2002-ல் விலை நிர்ணயிக்கத் தனி நிறுவனம் வந்தது. 2023 டிசம்பரில் அந்த அதிகாரத்தையும் அரசு பறித்துவிட்டது. தாய்மண்ணில் இருக்கிறவர்களுக்கே இந்த நிலை.

ஆனால், அவ்வளவு வேகமாக நான் ‘வைக்காதீங்க’ என்றதற்குக் காரணம் வேறு. 2003-ஐ ஒட்டி வெனிலா பச்சைக் காய் கிலோ ஆயிரக்கணக்கில் விற்றபோது, ‘நல்ல வாய்ப்பு, வைங்க’ என்று ஊர் ஊராகப் பேசியவர்களில் நானும் ஒருவன். பூவுக்குப் பூ கையால் மகரந்தம் சேர்த்தார்கள், அதிகாலையில் வீட்டுப் பெண்கள். சில வருடங்களில் நூறு ரூபாய்க்குக்கூட ஆள் இல்லை. கொடிகளைப் பிடுங்கிப்போட்ட ஒரு பெரியவர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. மோர் கொடுத்து அனுப்பினார். அந்த மோர் இன்னும் எனக்குச் செரிக்கவில்லை.

இதையும் அந்த விவசாயியிடம் சொன்னேன். நோட்டீஸை நாலாக மடித்துப் பையில் வைத்தார். மேசை ஓரத்தில் இருந்த குடுவையைக் காட்டி, ‘‘அதேனுங்க?’’ என்றார். இரண்டு முறை நானே உறிஞ்சிக் கசப்பைக் குறைத்துவிட்டு, குழலைக் கழுவிக் கொடுத்தேன். முகம் சுளித்தார். மறுபடி உறிஞ்சினார். குடுவையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ‘‘இது நம்ம சொரக்காதானுங்களே. எங்கப்பன் வெத போட்டு வெச்ச குடுவை ரெண்டு அட்டத்துல கெடக்குதுங்க. நாளைக்கு ஒண்ணு கொண்டாந்து தாறனுங்க’’ என்றார்.

கொண்டுவந்து கொடுத்தார். உள்ளே நாலு அவரை விதை ஒட்டிக்கொண்டிருந்தன. இந்த வாரம் வேலியோரம் ஊன்றியிருக்கிறேன்.