ஜோகூர் டாக்டர்

அனைத்துலக யோகா தினத்தன்று வானொலியில், “சிவானந்த யோகா கனடாவில் தொடங்கியது” என்று சொல்லிவிட்டேன். உடனே ஒரு பாட்டி அழைத்தார்.

“தம்பி, அந்தச் சாமி இதே ஜோகூர் பாருவுல டாக்டரா இருந்தவரு. எங்கப்பா சொல்லுவாரு. ஒனக்குத் தெரியாதா?”

தெரியாது. இந்த ஊரில் பிறந்து, ஊடகத் துறையில் பட்டம் வாங்கியும் தெரியாது. நேரலையிலேயே மன்னிப்புக் கேட்டேன். இரவு தேடிப் படித்தேன்.

நெல்லைச் சீமைப் பத்தமடையில் 1887-இல் பிறந்த குப்புசாமி, 1913-இல் மலாயா வந்தார். முதலில் நெகிரி செம்பிலானில் தோட்ட மருத்துவமனை, பிறகு ஜோகூர் பாரு. பத்தாண்டுகள் நோயாளிகளைப் பார்த்தவர், 1923-இல் எல்லாவற்றையும் விட்டுப் புறப்பட்டார். மறு ஆண்டு ரிஷிகேசத்தில் விசுவானந்த சரஸ்வதியிடம் துறவு பெற்றுச் சிவானந்தர் ஆனார். ஆதிசங்கரர் வழிவந்த தசநாமி மரபு அது. 1936-இல் தெய்வீக வாழ்க்கைச் சங்கத்தை நிறுவினார். 1957-இல் அவர் மேற்கே அனுப்பிய சீடர் விஷ்ணுதேவானந்தர்தான் கனடாவில் யோகா நிலையம் அமைத்தார்.

துறவியான பிறகும் அவர் மருத்துவத்தை விடவில்லை. லட்சுமண் ஜூலாவில் இலவச மருந்தகம் நடத்தினார். குரு பரம்பரையில் பெயர் இல்லாவிட்டாலும், நம் தோட்டத்து நோயாளிகளும் அவருக்குக் குருதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

மறுவாரம் அதே நேரத்தில் இதைச் சொன்னேன். பாட்டி மீண்டும் அழைத்தார்.

“இப்ப சரி தம்பி.”